பருப்பு வெந்தால் போதுமா?

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். வந்திருந்த விற்பனைப் பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். டை கட்டியிருந்தார், வியர்த்திருந்தார். பையிலிருந்து நான்கு கம்பி நீட்டிக்கொண்டிருந்த ஒரு பிளாஸ்டிக் கருவியை எடுத்து, இரண்டு கம்பியை இந்த டம்ளரிலும் இரண்டு கம்பியை அந்த டம்ளரிலும் இறக்கி, பிளக்கில் செருகினார். அரை நிமிடம் ஆனது. குழாய்த் தண்ணீரில் முதலில் பச்சையாக ஏதோ கிளம்பியது, பிறகு பழுப்பாகத் திரண்டது, கடைசியில் மழைக்காலத்துச் சாக்கடை மாதிரியே ஆகிவிட்டது. ஆர்.ஓ. டம்ளர் அப்படியே இருந்தது.

"இதைத்தாம்மா இத்தனை வருஷமா குடிச்சிட்டிருக்கீங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. துக்க வீட்டில் பேசுகிற குரல்.

அம்மா கொஞ்ச நேரம் இரண்டு டம்ளரையும் பார்த்தார். "எங்க தண்ணி உப்புத் தண்ணிப்பா. அதனால இப்படி ஆகுதோ என்னமோ. இந்த நல்ல தண்ணிலயும் ஒரு சிட்டிகை உப்பு போட்டுட்டு வையேன், பாக்கலாம்" என்று அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த உப்பு ஜாடியை நகர்த்தினார். பையன் தயங்கினார். அம்மாவே போட்டார். கருவி மறுபடி ஓடியது. ஆர்.ஓ. தண்ணீரும் சாக்கடையானது.

விஷயம் இவ்வளவுதான். ஒவ்வொரு டம்ளருக்குள்ளும் இறங்குவது ஒரு இரும்புக் கம்பியும் ஒரு அலுமினியக் கம்பியும். மின்சாரம் பாயும்போது கம்பி கரைகிறது. கரைந்த இரும்பு துருவாகத் திரண்டு மிதக்கிறது. உப்பு கலந்த தண்ணீரில் மின்சாரம் தாராளமாகப் பாயும், உப்பை வடித்துவிட்ட தண்ணீரில் பாயாது. டம்ளரில் நாம் பார்த்துப் பதறிய அழுக்கு, அந்தப் பையனின் பையிலிருந்து வந்த இரும்பு. பையனைக் குறை சொல்ல மனமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் செய்தார், அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். ஆனால் அவர் போன பிறகு ஒரு கேள்வி வீட்டிலேயே தங்கிவிட்டது. சரி, இந்தச் சோதனை பொய். அப்படியென்றால் நாம் குடிக்கிற தண்ணீர் நல்லது என்று நமக்கு எப்படித் தெரியும்?

அடுத்த ஒரு மாதம் நான் அந்தக் கேள்வியோடு அலைந்தேன். இந்தக் கட்டுரை அந்த அலைச்சல்.

மீட்டர் எதை எண்ணுகிறது?

பேனா அளவில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் இன்று பல வீட்டு ஷெல்ஃபில் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. தண்ணீரில் முக்கினால் ஒரு எண் வரும். எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் 640, ஆர்.ஓ. தண்ணீர் 40. பக்கத்து வீட்டு கேன் தண்ணீர் 55. எண் குறையக் குறைய நல்லது என்பது அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் எழுதப்படாத சட்டம். "எங்க வீட்ல 18 சார்" என்று ஒருவர் பெருமையாகப் போடுவார். அதற்கு நாலு கைதட்டல் விழும்.

மீட்டர் உண்மையில் அளப்பது ஒன்றே ஒன்று: தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை. அந்த அளவை ஒரு கணக்கால் பெருக்கி, கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. விற்பனைப் பையனின் கருவிக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். இது நேர்மையான உறவினர். இளநீரில் முக்கிப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் காட்டும். அதற்காக இளநீரை யாரும் கொட்டிவிடுவதில்லை.

மறுபக்கத்தைப் பாருங்கள். 40 காட்டுகிற ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து மில்லி சாக்கடையைக் கலந்தால் மீட்டர் பத்துப் புள்ளி நகர்ந்தால் அதிகம். 50 என்று காட்டும். குழுவில் கைதட்டல் விழும். கிருமி மின்சாரத்தைக் கடத்தி நம்மிடம் கோள் சொல்வதில்லை. ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது. மீட்டரோ ஒன்று, இரண்டு என்று முழு எண்ணில் எண்ணுகிறது. அதன் ஒரு படி, ஈயத்தின் எல்லையைப் போல நூறு மடங்கு. மளிகைக் கடைத் தராசில் மூக்குத்தி எடை பார்க்கிற கதை.

அப்படியானால் மீட்டரைத் தூக்கிப் போடலாமா? வேண்டாம். அது ஒன்றை நன்றாகச் செய்யும்: மாற்றத்தைக் காட்டும். உங்கள் வீட்டில் எப்போதும் 300 காட்டுகிற மெட்ரோ தண்ணீர் ஒருநாள் 700 என்றால், போர் தண்ணீரோ வேறு ஏதோ கலந்திருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் 40-லிருந்து 150-க்கு ஏறினால் உள்ளே சவ்வு கிழடாகிவிட்டது. வாரம் ஒருமுறை முக்கி, காலண்டரில் அந்தத் தேதிக்கட்டத்தில் எழுதிவைத்தால் அந்த மீட்டருக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. தரநிலை 500 வரை தாராளமாக ஏற்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. 500-க்குக் கீழே இருக்கிற தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை, தண்ணீர் வீணாகிறது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதமே சொன்னது. பழைய இயந்திரங்கள் ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடும். எங்கள் வீட்டு இயந்திரம் அந்த ரகம். அந்தக் கழிவுக் குழாயை வாளிக்குத் திருப்பி, அதில்தான் பாத்ரூம் கழுவுகிறோம்.

அடுப்படி ஆய்வுக்கூடம்

மீட்டர் வருவதற்கு முன்னால் தண்ணீரைச் சோதிக்காமலா இருந்தார்கள்? அம்மாவிடம் கேட்டேன். "பருப்பு வேகுதான்னு பாப்போம்" என்றார்.

சரியான பதில். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்தால் துவரம்பருப்பு குழையாது. பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை அவை இறுக்கிவிடுகின்றன. ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டதற்கும் காரணம் அதுவே. சோப்பு நுரைக்காமல் திரிவதும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதும் அதே கடினத்தன்மையின் மற்ற அடையாளங்கள். சோப்புச் சோதனையை இன்றும் செய்யலாம்: இரண்டு சிறு பாட்டில், ஒன்றில் மழைத் தண்ணீர், மற்றதில் உங்கள் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்புச் சீவல், சம அளவு குலுக்கல். நுரையின் உயரம் பேசும். துணி துவைக்கும் பவுடரைப் போட்டுவிடாதீர்கள், அது கடல் தண்ணீரிலும் நுரைப்பதற்காகவே செய்தது போல நுரைக்கும்.

இரும்புக்கும் ஒரு கைவைத்தியம் உண்டு. போரிலிருந்து இறைக்கும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர், வாளியில் இரவு முழுக்க நின்றால் காலையில் செம்மஞ்சளாகி, மேலே எண்ணெய்ப் படலம் போல மின்னினால் அது இரும்பு. உடனே தெரிய வேண்டுமென்றால் பால் சேர்க்காத தேயிலைத் தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றுங்கள். கொய்யா இலையைக் கசக்கிப் போட்டாலும் சரி. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை மாதிரி கறுக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய ஊரில் இது புதிய ரசாயனம் இல்லை.

கலங்கலுக்குத் தேற்றாங்கொட்டை இருந்தது. பானையின் உட்புறத்தில் அதை உரசிவிட்டு ஆற்றுத் தண்ணீரை ஊற்றினால் மண் அடியில் தங்கிவிடும். பழைய வேட்டியை மடித்து வடிகட்டுவதும் இருந்தது. அதைப் படிப்பறிவில்லாத பழக்கம் என்று நினைத்தவர்களுக்கு ஒரு செய்தி: வங்கதேசக் கிராமங்களில் ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளரின் குழு பழைய புடவையைப் பல மடிப்பாக்கித் தண்ணீர் வடிகட்டச் சொல்லிப் பார்த்தது. காலரா 48 சதவீதம் குறைந்தது என்று 2003-இல் முடிவு வெளியானது. காலராக் கிருமி தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிராணிகளில் ஒட்டிக்கொண்டு வருவதால், பிராணி துணியில் மாட்டினால் கிருமியும் மாட்டிக்கொள்கிறது. புதுப் புடவையைவிட நைந்த பழைய புடவையே நன்றாக வடிகட்டியது.

ஆனால் 48 சதவீதம் என்பது மீதி 52-ஐயும் சொல்கிறது. பருப்பு குழைய வேகிற, சோப்பு பொங்கி நுரைக்கிற, தேயிலைத் தண்ணீர் பொன்னிறமாகவே இருக்கிற, வாய்க்குத் தித்திக்கிற தண்ணீரில் மலக்கிருமி இருக்கலாம். அம்மாவின் ஆய்வுக்கூடம் உப்பையும் இரும்பையும் மண்ணையும் பிடிக்கும். மீட்டரும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது. இரண்டும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. பேதியும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் அங்கிருந்துதான் வருகின்றன.

கறுக்கும் பாட்டில்

அந்த இடத்தைத் தொடுகிற கருவி ஒன்று நம் நாட்டிலேயே பிறந்தது. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய மூவர் 1982-இல் அதை வெளியிட்டார்கள். பெரிய ஆய்வகமோ மைக்ராஸ்கோப்போ இல்லாத இடத்திலும் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சிறு பாட்டிலும், மருந்து தோய்த்து உலர்த்திய ஒரு காகிதத் துண்டும் போதும் என்றார்கள். பிறகு உலகம் முழுக்கப் பல நாடுகளில் இது புழக்கத்துக்கு வந்தது. ஹெச்2எஸ் பாட்டில் என்று கேட்டால் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும்.

உள்ளே நடப்பது சுவாரசியமானது. குடலில் வாழும் கிருமிகளோடு சேர்ந்து வருகிற சில பாக்டீரியாக்கள், காகிதத்தில் உள்ள சோடியம் தயோசல்ஃபேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அந்த வாயு, காகிதத்திலேயே இருக்கும் இரும்பு உப்போடு சேர்ந்து கரிய நிறமாகும். இன்னொரு வசதியும் உண்டு. தண்ணீரில் மிச்சமிருக்கிற குளோரினையும் அதே தயோசல்ஃபேட் முறித்துவிடுவதால், குளோரின் கிருமியை மறைத்து நம்மை ஏமாற்ற முடியாது.

ஐந்து பாட்டில் வாங்கினேன். தெருக்குழாயிலிருந்து சம்புக்குள் விழுகிற மெட்ரோ தண்ணீர் ஒன்று. சம்ப் தண்ணீர் ஒன்று. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் சமையலறைக் குழாய் ஒன்று. ஆர்.ஓ. குழாய் ஒன்று. அம்மாவின் மண்பானை ஒன்று, ஆர்.ஓ. தண்ணீரை அதில் ஊற்றிக் குளிரவைத்துத்தான் நாங்கள் குடிக்கிறோம். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, குழாய் வாயை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தைத் தொடாமல், கோடு வரைக்கும் பிடித்தோம். பாட்டிலில் பெயரும் நேரமும் எழுதி இன்வெர்ட்டர் மேல் வைத்தோம். முப்பது, முப்பத்தைந்து டிகிரி வெதுவெதுப்பு வேண்டும். சென்னைக்கு அது ஒரு குறையே இல்லை. ஊட்டிக்காரர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் அம்மாவின் குரல்தான் எழுப்பியது. "டேய், இங்க வந்து பாரு."

சம்ப் தண்ணீர் கன்னங்கரேல். சமையலறைக் குழாயும் கறுப்பு. மெட்ரோ தண்ணீர் தெளிவு. ஆர்.ஓ. தெளிவு. மண்பானை கறுப்பு.

அம்மா மண்பானை பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவுகிற பானை. அவரைப் பொறுத்தவரை அது அவமானம். எனக்கும் கொஞ்சம் ஆச்சரியம்தான், ஏனென்றால் உள்ளே ஊற்றியது சுத்தமான ஆர்.ஓ. தண்ணீர். பிறகு கவனித்தேன். பானைக்கு மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் ஒரு டம்ளர். வீட்டுக்கு வருகிறவர், போகிறவர், நான், என் மகன், எல்லோரும் அந்த டம்ளரை விரல்களோடு சேர்த்து முக்கி மொள்ளுகிறோம். மெட்ரோ நிர்வாகமும் ஆர்.ஓ. இயந்திரமும் சேர்ந்து செய்த வேலையை நாங்கள் நாலு விரலால் முடித்துவைத்திருக்கிறோம்.

இந்தப் பாட்டிலுக்கும் குறைகள் உண்டு. கறுத்தால் எவ்வளவு கிருமி என்று எண்ணிக்கை சொல்லாது. சில ஆழ்துளைக் கிணறுகளில் இயற்கையாகவே சல்ஃபைடு இருக்கும். அங்கே கிருமி இல்லாமலே, அதுவும் ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடும். 48 மணி நேரம் தெளிவாக இருந்தாலும் வைரஸ் இல்லை என்று உத்தரவாதம் கிடையாது. வடிகட்டிச் சொல்வதானால், கறுத்த தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள், ஆய்வகத்தில் கொடுத்து உறுதி செய்யுங்கள். கறுத்த பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்காதீர்கள். உள்ளே கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். கிருமிநாசினி ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, கழிப்பறையில் கொட்டிவிட்டுப் பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டும்.

வாடை நல்லது

தெருக்குழாயில் தெளிவாக வந்த தண்ணீர் சம்பில் விழுந்ததும் எப்படிக் கெட்டது? அதற்கு விடை குளோரின். குடிநீர் வாரியம் குளோரின் கலப்பது சுத்திகரிப்பு நிலையத்தில் உள்ள கிருமியைக் கொல்ல மட்டும் இல்லை; வழியில் குழாய் விரிசலில் ஏதாவது நுழைந்தால் அதையும் சமாளிக்கக் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. "இன்னிக்கு தண்ணில மருந்து வாடை, குடிக்கவே முடியல" என்று நாம் அலுத்துக்கொள்கிற நாள்தான் உண்மையில் நிம்மதியாகத் தூங்க வேண்டிய நாள்.

அந்த மிச்சக் குளோரினை அளக்க வீட்டிலேயே வழி உண்டு. முன்பு ஆர்த்தோடாலிடின் என்ற மருந்தைச் சொட்டு விட்டு, மஞ்சள் ஏறுவதைப் பார்ப்பார்கள். அந்த மருந்து புற்றுநோய் சந்தேகத்துக்கு ஆளானதால், இப்போது டி.பி.டி. என்ற மாத்திரை, போட்டால் ரோஸ் நிறம் வரும், அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டும். எங்கே வாங்குவது என்று தேடியபோது ஒரு நண்பர் கொளத்தூருக்கு அனுப்பினார். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். குளோரின், பி.ஹெச்., அம்மோனியா, நைட்ரேட், கடினத்தன்மை என்று சின்னச் சின்னப் பெட்டியாக அடுக்கி வைத்திருந்தார்கள். மீன் வளர்க்கிறவர்கள் தண்ணீரை நம்மைவிட அக்கறையாகச் சோதிக்கிறார்கள். தண்ணீர் கெட்டால் மீன் அன்றைக்கே மிதந்துவிடும். மனிதர்களாகிய நாம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு வாரம் இழுத்துவிட்டுத் தேறிவிடுகிறோம்.

அங்கே வாங்கிய பெட்டிகளில் போர் தண்ணீர் குடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது நைட்ரேட். பக்கத்தில் செப்டிக் டேங்க் கசிந்தாலோ, வயலில் உரம் மிகுந்தாலோ அது கிணற்றில் ஏறும். எல்லை 45 மில்லிகிராம். இதில் தளர்வே கிடையாது. (பெட்டியில் நைட்ரஜன் கணக்கில் போட்டிருந்தால் எல்லை 10.) கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிற வீட்டில் இது முக்கியம், ஏனென்றால் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதை நைட்ரேட் கெடுத்து உடம்பை நீலம் பாரிக்க வைக்கும். காய்ச்சினால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற நைட்ரேட்டின் அடர்த்தி கூடவே செய்யும்.

எங்கள் வீட்டில் மெட்ரோ தண்ணீர் ரோஸ். சம்ப் தண்ணீரில் நிறமே இல்லை. சம்புக்குள் ஏதோ குளோரின் முழுவதையும் தின்றுவிட்டிருந்தது.

ஊருக்கு ஒரு கேள்வி

எல்லா ஊரிலும் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் மண் என்ன, பக்கத்தில் என்ன தொழில், அதைப் பொறுத்தது. மீஞ்சூர் பக்கம் கடல் நீர் நிலத்தடியில் ஏறியிருக்கிறது; அங்கே குளோரைடு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்றால் தோல் தொழில், அதனால் குரோமியம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளில் நைட்ரேட். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றால் ஃப்ளோரைடு.

ஃப்ளோரைடைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. மீட்டர் காட்டாது, பாட்டில் கறுக்காது, பருப்பு நன்றாக வேகும். ஒரு மில்லிகிராம் வரை பல்லுக்கு நல்லது. ஒன்றரையைத் தாண்டிப் பல வருஷம் குடித்தால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். இன்னும் போனால் முதுகும் முழங்காலும் விறைக்கும். இந்தியாவில் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டது அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் 1937-இல் அதை எழுதினார்கள். அப்போதிலிருந்து காவிரித் தண்ணீர் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வந்து சேர 2013 ஆனது. எழுபத்தாறு வருஷம். நோய்க்குக் காரணம் கண்டுபிடிப்பதற்கும் குழாயில் தண்ணீர் வருவதற்கும் நடுவில் மூன்று தலைமுறை அந்தக் கிணறுகளிலேயே குடித்தது.

களச் சோதனைப் பெட்டியில் ஃப்ளோரைடுக்கு ஒரு மருந்து உண்டு. தண்ணீரில் சேர்த்தால் ரோஸ் நிறம். ஃப்ளோரைடு ஏற ஏற அது மஞ்சளுக்கு இறங்கும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு இந்தப் பெட்டியைக் கொடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று விதி. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று ஊராட்சியில் கேளுங்கள். கிராமசபைக் கூட்டத்தில் கேட்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

பிடிக்கிற கையில் இருக்கிறது

வீட்டுச் சோதனை ஐயத்தை எழுப்பும், தீர்ப்பு ஆய்வகத்தில். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. பொதுமக்களும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். சென்னையில் கிண்டி கிங் நிலையம் பழைய பெயர். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் உள்ளன.

பெரும்பாலோர் தவறுவது கொண்டுபோகிற பாட்டிலில். காலிக் குளிர்பான பாட்டிலில் பிடித்து, வெயிலில் பைக்கின் முன்னால் மாட்டி, சாயங்காலம் கொடுத்தால் வருகிற முடிவு அந்தப் பாட்டிலைப் பற்றியது. கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே கிருமி நீக்கிய பாட்டிலைத் தரும். உள்ளே துளி மருந்து இருக்கும், அதைக் கழுவிவிடக்கூடாது. நிரப்பும்போது மேலே கொஞ்சம் காற்றிடம் விட வேண்டும். ஐஸ் வைத்த பையில் அன்றைக்கே, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். உப்பு, இரும்பு போன்றவற்றுக்கு நம் பாட்டிலே போதும், அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடித்தால் சரி.

ஈயத்துக்கு மட்டும் முறை தலைகீழ். அதன் மூலம் பெரும்பாலும் குழாய்தான். பழைய பித்தளைக் குழாய்வாயிலும் பழைய பி.வி.சி. குழாய்களிலும் ஈயம் இருந்தது உண்டு. இரவு முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரின் முதல் லிட்டரைப் பிடிக்க வேண்டும். ஓடவிட்டுப் பிடித்தால் ஈயம் கழுவிக்கொண்டு போய்விடும்.

இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு நகரத்தையே ஏமாற்றியிருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளின்ட் என்ற ஊர். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க அந்த ஊர் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. குழாய் அரிப்பைத் தடுக்கிற மருந்தைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். ஈயக் குழாய்கள் கரைந்தன. தண்ணீர் பழுப்பாக வருகிறது, பிள்ளைகளுக்குத் தோலில் தடிப்பு என்று லீஆன் வால்டர்ஸ் என்ற குடும்பத் தலைவி சண்டை போட்டுச் சோதிக்க வைத்தார். 2015 பிப்ரவரியில் அவர் வீட்டுத் தண்ணீரில் ஈயம் லிட்டருக்கு 104 மைக்ரோகிராம். அந்த நாட்டில் அப்போது நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவே 15. நகராட்சியோ எல்லாம் சரியாக இருக்கிறது என்றது, ஏனென்றால் மாதிரி எடுப்பதற்கு முந்தைய இரவு குழாயைச் சில நிமிடம் திறந்துவிடும்படி மக்களிடம் சொல்லியிருந்தார்கள். வர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் 300 சோதனைப் பெட்டிகளை அனுப்பினார். மக்களே விடியற்காலையில் எழுந்து, முறைப்படி, முதல் லிட்டரைப் பிடித்தார்கள். உண்மை அப்படித்தான் வெளியே வந்தது.

ஆய்வக அறிக்கை வந்ததும் கீழே "குடிக்க ஏற்றது" என்ற முத்திரையை மட்டும் பார்த்து மடித்துவைக்காதீர்கள். ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிலையில் இரண்டு பத்திகள் உண்டு: ஒன்று ஏற்கத்தக்க அளவு, இன்னொன்று வேறு தண்ணீரே கிடைக்காதபோது சகித்துக்கொள்ளும் அளவு. கடினத்தன்மைக்கு முதல் பத்தி 200, இரண்டாவது 600. உங்கள் 580 இரண்டாவது பத்தியில் தேறியிருக்கும். ஈ.கோலை கிருமிக்கு இரண்டு பத்தி இல்லை. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. அறிக்கையின் கடைசியில் பொடி எழுத்தில், முடிவுகள் கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்று இருக்கும். அதுதான் அந்தக் காகிதத்தில் மிக நேர்மையான வரி. ஜூன் மாதத்து அறிக்கை நவம்பர் மழைக்குப் பேசாது.

சம்ப் மூடி

எங்கள் சம்பைத் திறந்து பார்த்தோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூழ்கிய சம்ப். அப்போது கழுவியதோடு சரி. இரும்பு மூடியின் ஓரம் துருப்பிடித்து உள்ளங்கை அகலத்துக்குப் போயிருந்தது. கார் கழுவுகிற தண்ணீர் அந்த ஓட்டை வழியாக உள்ளே இறங்கிய தடம் சுவரில் தெரிந்தது. இரண்டு கரப்பான்கள் மிதந்தன. இதிலிருந்து மேலே ஏறிய தண்ணீரில்தான் பல் தேய்த்து, காய்கறி கழுவி, பாத்திரம் அலசிக்கொண்டிருந்தோம், ஆர்.ஓ. 40 காட்டுகிறது என்ற நிம்மதியில்.

அப்போதுதான் எங்கள் அடுக்குமாடி வாட்ச்மேன் சொன்னார்: "சார், எங்களுக்கு இந்தக் குழாய்தான்." சம்ப் மோட்டாருக்குப் பக்கத்தில் செடிகளுக்கு என்று போட்ட குழாய். அவரும் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மூன்று வருஷமாக அதில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள். சின்னவளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு என்று என்னிடமே லீவு கேட்டிருக்கிறார். நான் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஐந்து பாட்டில்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். "18 சார்" சொன்னவரும் வந்திருந்தார். யாரும் அதிகம் விவாதிக்கவில்லை. ஆள் வைத்துச் சேறு வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவினோம். புதிய மூடி போட்டு, விளிம்பைத் தரையிலிருந்து அரையடி உயர்த்திப் பூசினோம். 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் ப்ளீச்சிங் பவுடரை வாளியில் குழைத்து, தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டோம். (புதுப் பொட்டலமாக வாங்குங்கள், திறந்து கிடந்த பவுடருக்கு வீரியம் போயிருக்கும்.) ஆர்.ஓ. குழாயிலிருந்து ஒரு கிளையைக் கீழே வாட்ச்மேன் அறைக்கு இழுப்பது பற்றிப் பேச்சு வந்தது. செலவுக் கணக்கில் இழுபறி. இப்போதைக்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு குடம் போகிறது.

அம்மா அடியில் குழாய் வைத்த பானை ஒன்றை மண்பாண்டக் கடையில் தேடிப் பிடித்தார். டம்ளர் உள்ளே போக வழியில்லாதபடி வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருக்கிறார். போன வாரம் மறுபடி நான்கு பாட்டில் வைத்தோம். மூன்று தெளிவாகவே இருக்கின்றன. நாலாவது, வாட்ச்மேன் வீட்டுக் குடம். முப்பது மணி நேரத்தில் லேசாகக் கறுக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டுத் தண்ணீர்தான், ஆனால் குடத்துக்கு மூடி இல்லை. அம்மா சாயங்காலமே பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.